நனையாத கிடா

ஆவாரங்குளம் வெயிலுகந்தம்மன் கோயில் கிடா நான்கு ஆண்டுகளாக நனையாமல் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் கண்மாய்க் கரையில் நின்று மேய்ந்தபோதும் அது நனையவில்லை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த ஆண்டில் நீந்தி அக்கரைக்குப் போய்த் திரும்பியபோதும் அதன் முதுகில் தூசிதான் இருந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, எடை போட்டு, ஆட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு மோர் குடித்துப் போனார். அந்த வாரம் எட்டயபுரம் சந்தையில் அதே எடையுள்ள கிடா பதினெட்டாயிரத்துக்கு விலை போனது. பருவம் தவறாமல் மழை பெய்திருந்ததால் உளுந்தும் பாசிப்பயறும் சுமாரான விலைக்கே போயின.

அதற்கு முன்பு ஆவாரங்குளத்தில் ஆடுகள் எல்லாம் முறையாக நனைந்துகொண்டுதான் இருந்தன. சித்திரைக் கொடை விழாவில் மதியப் பூசை முடிந்ததும், நேர்ச்சைக் கிடாவுக்கு மாலையிட்டு, அம்மன் முகம் பார்க்க நிறுத்தி, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "உத்தரவா தாயி?" என்று கேட்பது அவ்வூர் மரபு. ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மனும் சம்மதித்தாள், ஆடும் சம்மதித்தது என்று பொருள். பெண்கள் குலவையிடுவார்கள், அதன் பிறகே அரிவாள் உயரும். சிலுப்பாத ஆட்டின் மேல் கத்தி வைப்பது தலைமுறைக்கும் தீராத குற்றம் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. சிலுப்பாத ஆடு என்று ஒன்று இருந்ததும் கிடையாது. ஒரு சொம்பில் அசையாத ஆடு மூன்று சொம்பில் அசையும். அதிலும் நின்றால் காதுக்குள் ஒரு கை தண்ணீர் விடுவார்கள். காதில் தண்ணீர் போனால் யானையும் தலையை உதறத்தான் செய்யும். இது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த செய்தி. அதை எவரும் ஏமாற்று என்று கருதியதில்லை. சில ஆண்டுகளில் அம்மன் சற்றுத் தாமதமாக, காது வழியாக உத்தரவு தருகிறாள் என்றே மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். உத்தரவு கேட்கும் உரிமை சாமித்துரையின் குடும்பத்துக்கு உரியது. அவர் குரல் உயர்த்திப் பேசி அறியாதவர். அம்மனிடம் கேட்கும்போதும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படியாகவே கேட்பார்.

சாமித்துரையின் ஒரே மகள் சுகுணா. தாயை இழந்த பெண். கோவில்பட்டியில் வணிகவியல் படித்துவிட்டு, அங்கேயே தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் ஆலை ஒன்றில், பண்டல் போடும் பிரிவில் மேற்பார்வை பார்த்துவந்தார். அவரை ஆவாரங்குளத்திலேயே, மேலத்தெருவில், மினி லாரி வைத்திருந்த மணிராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மணிராஜைக் குணக்கேடர் என்று ஒருவரும் விரல் நீட்ட முடியாது. குடிப்பதில்லை. தாயாருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுப்பார். மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வெளியூர் போனால் மனைவிக்கு அல்வா வாங்காமல் திரும்ப மாட்டார். ஆனால் "வேண்டாம்" என்ற சொல்லை அவர், பந்தியில் விருந்தாளி இலையைக் கையால் மறைப்பதைப் போல எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார். கை மறைத்தாலும் இன்னும் ஒரு கரண்டி போடுவதுதானே உபசாரம். திருமணமான இரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில், காய்ச்சல் கண்டிருந்த ஓர் இரவில், சுகுணா வேண்டாம் என்றார். தெளிவாகச் சொன்னார். மூன்று முறை சொன்னார். மறுநாள் விடிந்ததும் பாலைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு, இரண்டு தெரு நடந்து தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"யப்பா, நான் வேண்டாம்னு சொன்னேன். அவிய கேக்கல" என்றார் சுகுணா.

சாமித்துரைக்கு விளங்கியது. "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். சுகுணா சாப்பிட்டார். தகப்பனார் கேட்க வேண்டியது வேறொன்று இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அது என்ன என்று அவருக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் சுகுணா மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த உதவி ஆய்வாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டு, சட்டத்தில் உள்ளதை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இலக்கணமும் இருக்கின்றன; செய்தவர் கணவராக இருந்து மனைவிக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தால் அந்தப் பெயர் வராது; கொடுமை என்று வேண்டுமானால் எழுதலாம். "பேரு எதுவாவும் இருக்கட்டும் மேடம். நான் வேண்டாம்னு சொன்னேன், அத மட்டும் அப்படியே எழுதிக்கிடுங்க" என்றார் சுகுணா. அப்படியே எழுதப்பட்டது. கோவில்பட்டி நீதிமன்றத்தில் வழக்காடும் சந்தனமேரி என்ற வழக்கறிஞர், கணவருக்கு அந்த விலக்கு இருக்கலாமா கூடாதா என்பதே டெல்லியில் வழக்காக இருக்கிறது என்று சொன்னார். எப்போது தீரும் என்று சுகுணா கேட்டார். "எனக்கும் தெரியலம்மா. அங்கனயும் கேட்டுக்கிட்டேதான் இருக்காக" என்றார் சந்தனமேரி.

டெல்லி வரைக்கும் போக வேண்டிய அவசியம் ஆவாரங்குளத்துக்கு இருக்கவில்லை. ஊரின் நீதிமன்றம் இசக்கிபாண்டியின் டீக்கடையில் விடிகாலையிலேயே கூடிவிட்டது. தொலைக்காட்சியில் அந்த மாதம் முழுவதும் அதே விவாதம் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் தயாராகவே வந்திருந்தார்கள். கணவன் மீதே அப்படி ஒரு வழக்குப் போடலாம் என்றால் நாளைக்கு எந்த வீட்டில் விளக்கு எரியும் என்று சிலர் கேட்டார்கள். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றார்கள் சிலர்; அவள் மௌனமாக இல்லையே, வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்கிறாள் என்று எடுத்துக்காட்டியதும், பெண் வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள் என்றார்கள். அப்படியானால் வேண்டும் என்றால் என்ன பொருள் என்று கேட்டபோது இன்னொரு டீ சொன்னார்கள். "ஊசி இடங்கொடாம நூல் நுழையுமாங்கேன்?" என்று ஒரு பெரியவர் பழமொழியை எடுத்துவிட்டார். தூக்குச்சட்டியில் டீ வாங்க வந்திருந்த தையல்காரி வள்ளிமயில், "அண்ணாச்சி, நீரு கண்ணாடி மாட்டினாக்கூட ஒரு நூல் கோக்க மாட்டீரு. ஊசியப் பத்தி ஒமக்கென்ன பேச்சு?" என்று கேட்டதில் கடையே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். ஆனாலும் கடை கலையும்போது, சுகுணா கொடுத்தது பொய்ப் புகார் என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பாக இருந்தது.

இசக்கிபாண்டி சிரிக்கவில்லை. அவருடைய தம்பி மேல் சில ஆண்டுகளுக்கு முன்பு, வரப்புத் தகராறு ஒன்றில், ஒரு பெண்ணிடம் நடக்காததை நடந்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். தம்பி சிறைக்குப் போய், ஜாமீனில் வந்து, கோர்ட்டுக்கு நடந்து நடந்து, கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அதற்குள் தலை நரைத்துவிட்டது, கல்யாணமும் நின்றுபோயிருந்தது. சுகுணா எதிரில் வந்த ஒரு நாள் இசக்கிபாண்டி அதை நேரிலேயே சொன்னார். "எந்தம்பி செய்யலம்மா. செய்யல செய்யலன்னு அவன் தொண்ட வத்துற மட்டும் சொன்னான். ஒருத்தன் கேட்டானா? அதுல இருந்து இப்படி ஒரு பேச்சு காதுல விழுந்தாலே எனக்கு அவன் மொகந்தான் முன்னால நிக்குது. ஒன்னத் தப்பா நெனைக்கணும்னு இல்ல. நம்ப முடியல, அவ்வளவுதான்." அந்த மனிதர் பொய்யாகப் பேசவில்லை என்பது சுகுணாவுக்குத் தெரிந்தது. அதனாலேயே மற்றவர்களின் ஏச்சைவிட அது கூடுதலாக வலித்தது. மணிராஜின் தாயார் வெயிலுகந்தம்மாளின் ஏச்சில் அந்தச் சிக்கல் இல்லை. குழாயடியில் அவர் ஊருக்கே கேட்கும்படி பேசினார். "தாலி கட்டுத அன்னைக்கே கேட்டாச்சு, அவளும் ஊரு பாக்கத் தலையாட்டியாச்சு! இனிம தெனம் தெனம் பாக்கு வெத்தல வச்சா கேப்பாக? ஏட்டி, கேட்டியளா இந்தக் கூத்த?"

சித்திரை பிறந்ததும் கொடைக் கமிட்டித் தலைவர் கண்ணபிரான் சாமித்துரையின் வீட்டுக்கு வந்தார். அவர் மணிராஜுக்குத் தாய்மாமன். அந்த ஆண்டு நேர்ச்சைக் கிடா மணிராஜ் வீட்டுடையது. மகனுக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடந்தால் கிடா விடுவதாக வெயிலுகந்தம்மாள் நேர்ந்திருந்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புக் கிடா. கண்ணபிரான் சொன்னது இதுதான். கிடாவின் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நிற்க வேண்டும். உத்தரவு கிடைத்ததும், புகார் கோபத்தில் கொடுத்த பொய் என்று சுகுணா ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஆண்டிலிருந்து சாமித்துரை வீட்டில் கொடை வரி வாங்கப்பட மாட்டாது. வரி வாங்கப்படாத வீட்டுக்கு ஊர் கிடையாது. அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. உத்தரவு கேட்கும் உரிமையும் வேறு வீட்டுக்குப் போய்விடும். இதைக் கண்ணபிரான் மிகுந்த வருத்தத்தோடும், தமக்கு இதில் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு இல்லை என்ற முன்னுரையோடும் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனார்.

"நின்னாப் போதுமாம்மா. பொறவு ஒரு வார்த்தை..." என்று சாமித்துரை இழுத்தார்.

"நீங்க என்னப்பா நெனைக்கீய?"

"நான் ஒண்ணும் நெனைக்கலம்மா."

"அதாம்ப்பா எனக்குச் சங்கடமா இருக்கு" என்றார் சுகுணா. அப்போதுதான், இத்தனை நாளும் தாம் எதற்காகக் காத்திருந்தோம் என்பது அவருக்குத் துலங்கியது. கணவர் சிறைக்குப் போக வேண்டும் என்பதோ, சட்டம் மாற வேண்டும் என்பதோ அல்ல. தாம் வேண்டாம் என்று சொன்னது உண்மை என்று, காவல் நிலையத்துத் தாளைத் தவிர, உயிருள்ள ஒரு வாய் சொல்ல வேண்டும். அது அவருக்குத் தேவையாக இருந்தது. "நிக்கேன். பொய்யின்னு சொல்ல மாட்டேன். வரி வாங்கலன்னா வாங்காமப் போட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் பேருந்து பிடிக்கப் போனார். சாமித்துரை அன்று முழுவதும் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

கொடையன்று மதியம் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. கன்றுக்குட்டியின் கால் போகும் அளவுக்கு வெடிப்புகள். மாலையிட்ட கிடாவை அம்மன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கயிறு மணிராஜின் கையில் இருந்தது. சுகுணா ஒரு முழத் தூரம் தள்ளி நின்றார். சாமித்துரை முதல் சொம்பை ஊற்றினார். தண்ணீர் கிடாவின் முதுகில் விழுந்து, தாமரை இலையில் விழுந்ததுபோல் உருண்டு, தரையில் போய்ச் சேர்ந்தது. முடி ஒன்றுகூட ஒட்டவில்லை. இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. கிடா அசை போட்டுக்கொண்டிருந்தது. முறைப்படி காதில் ஒரு கை விட்டார். அந்தக் காதில் போன தண்ணீர் அடுத்த காது வழியாக, ஒரு துளி குறையாமல், மெல்லிய நூலாக வெளியே வந்தது. கிடா தலையை உதறவில்லை. குடத்தில் ஊற்றினார்கள். மணிராஜின் மினி லாரியில் டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கடைசியில் தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்துக் குழாயைப் பிடித்தார்கள். கோயில் வாசல் சேறானது. கரிசல் வெடிப்புகள் வயிறு நிறையக் குடித்து மூடிக்கொண்டன. எங்கிருந்தோ தவளைகள் கத்தத் தொடங்கின. கமிட்டியார் நனைந்தார்கள், மேளக்காரர்கள் நனைந்தார்கள், கண்ணபிரானின் பட்டுக்கரை வேட்டி முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் குளித்துக் கரையேறினார்கள். கிடாவின் கழுத்து மாலைகூட நனைந்தது. கிடா மட்டும் உலர்ந்திருந்தது. வேறு இரண்டு கிடாக்களை ஓட்டிவந்து பார்த்தார்கள். மாலை கழுத்தில் விழுந்ததும் அவையும் நனைய மறுத்தன.

அப்போது தொடங்கிய விவாதம் வெயில் தாழும்வரை நடந்தது. ஆடு முடியாது என்று தலையாட்டவில்லையே, ஆகவே சம்மதம்தான் என்றார் ஒருவர். சம்மதம் என்றும் தலையாட்டவில்லையே என்றார் அவருடைய சொந்த மைத்துனர். "கத்தல, முட்டல, ஓடல. புடிக்கலன்னா ஓடியிருக்கும்லா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "ஓட எங்கனலே விட்டீய? கயிறு ஒங்க கையிலல்லா இருக்கு" என்றார் வள்ளிமயில். சென்ற ஆண்டு இதன் அண்ணன் சிலுப்பியதே, அந்த உத்தரவு இதற்கும் செல்லாதா என்று ஒரு பட்டதாரி கேட்டார். ஓர் ஆட்டின் உத்தரவு இன்னோர் ஆட்டுக்குச் செல்லாது என்று கூட்டம் ஒருமனதாக அதைத் தள்ளியது. நேர்ந்துவிட்ட அன்றே அது அம்மனுக்குச் சம்மதித்த ஆடு, தனியாக ஏன் கேட்க வேண்டும் என்றார் வெயிலுகந்தம்மாள். அதற்கு அரிவாளுடன் நின்ற கருத்தப்பாண்டி பதில் சொன்னார். அவர் ஊரில் அதிகம் பேசாதவர். "நேந்ததுக்குப் பொறவும் கேக்கணும்னுதான் மொற, அத்தை. அன்னன்னைக்குக் கேக்கணும். கேட்டுச் சரின்னாத்தான் அருவா. இல்லன்னா இந்தக் கையி வெளங்காது" என்று சொல்லி, அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். வெயிலுகந்தம்மாள் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார்.

"இன்னொருக்கக் கேளும், சாமித்துர. சிலுப்புத மட்டும் கேளும்" என்றார் கண்ணபிரான்.

சாமித்துரை சொம்பைக் கையில் எடுத்தார். அப்போதுதான் சுகுணா கண்ணபிரானைப் பார்த்துப் பேசினார். சத்தமாகப் பேசவில்லை; தண்ணீர் லாரியின் மோட்டார் அணைந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"மத்தியானத்துல இருந்து இத்தன பேச்சுப் பேசுதீய. இந்தக் கிடா பொய் சொல்லுதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லலியே, சித்தப்பா."

கூட்டத்தில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை; எல்லோரும் கிடாவின் முகத்தைப் பார்த்தார்கள். கிடா எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. முதலில் அசைந்தவர் இசக்கிபாண்டி. அவர் சேற்றில் இறங்கி முன்னே வந்து, "எந்தம்பி சொன்னத ஒருத்தரும் கேக்கலன்னு ஆறு வருசம் பொலம்புனேன். இந்தப் புள்ள சொன்னத நான் கேட்டனா? கேக்கல. அவன் சொன்னதையும் கேட்டிருக்கணும், இவ சொன்னதையும் கேட்டிருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு, தாம் பேசியதில் தமக்கே கூச்சம் ஏற்பட்டவராகக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

சாமித்துரை சொம்பைக் கீழே வைத்தார். அவருடைய குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் எவரும் சொல்லியிராத இரண்டு சொற்களை, ஊர் முழுவதற்கும் கேட்கும் குரலில் சொன்னார்.

"உத்தரவு இல்ல."

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "எம் மக சொன்னதும் அதுதான். நான் கேட்டுக்கிட்டேன். இனி வரி வாங்குததும் வாங்காததும் ஒங்க பாடு" என்றார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. கண்மாய்க்கரை நாரைகள் அதற்கு ஒரு முறை எழுந்து உட்கார்ந்தன.

கண்ணபிரான் கடைசி முயற்சியாகத் தம் மருமகன் பக்கம் திரும்பி, "ஏலே, நீயாவது சொல்லு. அவ சொன்னது பொய்யின்னு சொல்லிட்டுப் போ" என்றார். மணிராஜ் நனைந்த சட்டையோடு, உலர்ந்த கிடாவுக்கு அருகில் நின்றிருந்தார். அவர் யோசித்தார். அவர் அப்படி நின்று யோசித்ததை ஊர் முன்பு பார்த்ததில்லை. "சொன்னா மாமா. மூணு மட்டம் சொன்னா. எங்காதுல விழுந்துச்சு" என்றார். அவர் கையிலிருந்து கயிறு நழுவியது. கிடா மெதுவாக நடந்து, சுகுணாவைத் தாண்டி, சேற்றின் ஓரமாக அதற்குள் முளைத்திருந்த புல்லை மேயத் தொடங்கியது. வெயிலுகந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அது தண்ணீரா வேறா என்று யாரும் கேட்கவில்லை. சுகுணாவுக்குக் காலையிலிருந்து இருந்த தலைவலி நின்றிருந்தது. பசித்தது. அன்று மாலை கண்ணபிரான் ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் வந்து சாமித்துரை வீட்டில் வரியை வாங்கிக்கொண்டார். இந்த முறை காப்பியும் குடித்தார்.

செய்தி பரவியதும், கிடாவைக் கொண்டு உண்மை பொய் அறியலாம் என்று நினைத்துப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பசுவந்தனைப் பக்கத்திலிருந்து, தங்கள் மகன் மேல் போட்ட வழக்குப் பொய் என்று ஒரு குடும்பம் வந்தது. தன் வழக்கு மெய் என்று சொல்லி ஒரு பெண் தன் அக்காளோடு வந்தார். எல்லோரும் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா எல்லோருக்கும் ஒரேபோல உலர்ந்து நின்றது. இசக்கிபாண்டியும் தம்பியைக் கூட்டிவந்து கேட்டுப் பார்த்தார். கிடா அவர் கையிலிருந்த வடையைத் தின்றது. அது தன் சம்மதத்தைப் பற்றி மட்டுமே பேசும், பிறர் வழக்கில் சாட்சி சொல்லாது என்பது மெல்ல விளங்கியது. ஆகவே வந்தவர்கள் உட்கார்ந்து பேசவும், இருப்பவர்கள் உட்கார்ந்து கேட்கவும் வேண்டியதாயிற்று. இசக்கிபாண்டி அதற்காகக் கடையில் இரண்டு பெஞ்சுகள் கூடுதலாகப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, முதன்முறையாக ஒருவரிடம் முழுமையாகச் சொன்னார். கேட்டவர் சுகுணா. சொல்லி முடித்ததும், "நீங்க செய்யலண்ணே" என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறார் என்று அண்ணன் சொல்லித் தெரிகிறது.

சட்டம் அப்படியேதான் இருக்கிறது. தொலைக்காட்சியிலும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. சுகுணாவும் மணிராஜும் இருவர் சம்மதத்தின் பேரில் பிரிந்தார்கள். அந்த வகைப் பிரிவுக்கு நீதிமன்றம் மிகவும் கவனமாக இருந்தது. யாரும் வற்புறுத்தினார்களா, இது மனமுவந்த சம்மதம்தானா என்று நீதிபதி சுகுணாவைக் கேட்டார். ஆறு மாதம் பொறுத்து மறுபடியும் அழைத்து அதையே கேட்டார். "கூடி வாழ்ந்த காலத்துல ஒருக்கக்கூட யாரும் கேக்காத கேள்வி. பிரிஞ்சு போறதுக்கு ரெண்டு மட்டம் கேட்டுட்டாக" என்று வெளியே வந்து சந்தனமேரி சொன்னபோது, சுகுணா வராண்டாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். இருவருமாகப் பேருந்து நிலையத்தில் கடலைமிட்டாய் வாங்கித் தின்றார்கள். மணிராஜ் இப்போதும் மினி லாரி ஓட்டுகிறார். மறுமணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணிடம் நேராகவே கேட்டிருக்கிறார். அந்தப் பெண் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதமாக யோசிக்கிறார். "அவ யோசிக்கட்டும், நமக்கு என்ன தீயா புடிக்குது" என்று வெயிலுகந்தம்மாளே குழாயடியில் சொல்வதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். சுகுணா தீப்பெட்டி ஆபீஸில் முழு ஆலைக்கும் மேற்பார்வையாளராகி, ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அதில் போய் வருகிறார்.

சாமித்துரைக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால், இந்த ஆண்டு உத்தரவு கேட்கும் பொறுப்பைச் சுகுணா ஏற்றார். பெண் கேட்கலாமா என்று கமிட்டியில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்பதற்கு யார் கேட்டால் என்ன, பதில் ஆடல்லவா சொல்ல வேண்டும் என்று கருத்தப்பாண்டி சொன்னதோடு அது முடிந்தது. மதியப் பூசைக்குப் பிறகு கிடாவுக்கு மாலையிட்டார்கள். யாரும் கயிறு கட்டவில்லை. அது தானாகவே வந்து அம்மன் முன் நின்றது. சுகுணா ஒரு சொம்பு ஊற்றி, "உத்தரவா தாயி?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் உருண்டு தரையில் சேர்ந்தது. கிடா அவரைப் பார்த்தது, அசை போட்டது.

"உத்தரவு இல்ல" என்றார் சுகுணா.

"சரி தாயி" என்றது கூட்டம். பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு எல்லோரும் கை கழுவிக்கொண்டு பந்திக்குப் போனார்கள். கத்தரிக்காய் விலை குறைந்திருந்ததால், இந்த ஆண்டுச் சாம்பார் நன்றாக அமைந்திருந்தது.